விபத்தும் விதியும்

‘விதி’ என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. கட்டளை என்பது மற்றொன்று. ரயில் கவிழ்ந்தாலும், கப்பல் மூழ்கினாலும், ஆகாய விமானம் விழுந்தாலும், முதற் பொருளைச் சொல்லி நெஞ்சை ஆற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம். துயருற்றார்க்கு அஃது ஆறுதலாகலாம். ஆனால் அடுத்த வண்டியில் ஏறப்போகும் பிரயாணிக்கு அதனாற் பயனில்லை; அவனைக் காப்பது இரண்டாம் பொருளில் வரும் விதியே. அவ்விதிகள் எங்ஙனம் தோன்றின என்பதை நிலம், நீர், வான் மூன்றிலும் நேர்ந்த மூன்று விபத்துக்களைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அயர்லாந்திலுள்ள அர்மா என்னும் ஊரிலிருந்து 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஒரு விசேஷ வண்டி புறப்பட்டது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பெரியோருமாக ஏறத்தாழ 940 பேர் கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணம் சென்றனர். ஏற்றமான பாதையில் எஞ்சின் இழுக்கமாட்டாமல் நின்றுவிடவே, வண்டியை இரண்டாகப் பிரித்து முற்பகுதியை முதலிற் கொண்டுசெல்ல முயன்றனர். அவ்வண்டியின் பிரேக்கோ இணைப்பைக் கழற்றியவுடன் பிடி தளரும் தன்மையது. சக்கரங்களுக்குக் கீழ் வைத்த கற்கள் நொறுங்க, பிற்பகுதிப் பெட்டிகள் சரிவில் ஓடிப் பின்வந்த வேறொரு வண்டியின்மேல் மோதின. 80 பேர் மாண்டனர். அவருட் பலர் சிறுவர். இணைப்பு அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக்கு வேண்டுமென்றும், முன்வண்டி ஒரு பகுதியைக் கடந்தாலன்றிப் பின்வண்டியை அப்பகுதியுள் விடலாகாதென்றும் அரசாங்கப் பரிசோதகர்கள் பல்லாண்டுகளாகச் சிபார்சு செய்தே வந்தனர். செலவுக்கு அஞ்சிய கம்பெனிகள் தாமதித்தன. விபத்து நிகழ்ந்து மூன்று மாதத்திற்குள் பார்லிமெண்டு அவற்றைச் சட்டமாக்கியது. முன்பு குறைந்திருந்தது அறிவன்று, கட்டாயமே.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கதை வேறு. 10,000 டன்னும் அதற்கு மேலுமுள்ள கப்பலுக்கு 16 படகுகள் போதுமென்பது அக்காலத்து விதி. டைட்டானிக்கோ 46,000 டன்னுக்கு மேற்பட்டது. அதில் 20 படகுகள் இருந்தன. அவை கொள்வது 1,178 பேர். கப்பலிலிருந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். ஆகவே விதி வழுவாமலே ஏறத்தாழ 1,500 உயிர்கள் போயின! அருகிலிருந்த மற்றொரு கப்பலின் ஒரே கம்பியில்லாத் தந்திக்காரர் உறங்கச் சென்றிருந்தார். 1914-இல் லண்டனிற் கூடிய தேசங்கள், யாவருக்கும் படகில் இடம், இடையறாத தந்திக் காவல், பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் கப்பல்கள் ஆகியவற்றை உடன்படிக்கையாக்கின. காலத்தோடு வளராத விதியும் ஆபத்தே என்பது இதனால் விளங்கும்.

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, டில்லியினின்றும் ஏறிய சவூதி விமானமும், டில்லியை நோக்கி இறங்கிய கஜகஸ்தான் விமானமும் சர்க்கி தாத்ரி என்னுமிடத்தருகே வானில் மோதின, 349 பேர் இறந்தனர், ஒருவரும் பிழைத்திலர். 15,000 அடியில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியதே நேர்க்காரணம். ஆயினும், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வழி இருந்ததும், உயரத்தைக் காட்டும் ராடார் அப்போது அங்கு வழங்காமையும் எண்ணத்தக்கன. பின்னர் வழிகள் பிரிக்கப்பட்டன. அத்தகைய ராடார் வந்தது. மோதலை முன்னறிந்து எச்சரிக்கும் கருவி இந்திய வானிற் கட்டாயமாயிற்று. ஒரு மனிதன் தவறினும் உயிர்கள் தவறாதபடி அமைப்பதே பாதுகாப்பு.

இனி, நல்ல சிபார்சு பிறத்தற்கு வேண்டுவன எவை? முதலாவது, ஆராய்பவர் நடத்துபவருக்குக் கீழ்ப்பட்டவராயிருத்தலாகாது. இந்திய ரயில்வேப் பரிசோதகர்கள் 1941-இல் ரயில்வே போர்டினின்றும் பிரிக்கப்பட்டனர். இன்றும் ரயில் பாதுகாப்புக் கமிஷன் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருத்தல் இக்கருத்துப் பற்றியதே. இரண்டாவது, ஆராய்ச்சியின் நோக்கம் பழி சுமத்துதலன்று, மீண்டும் நிகழாமற் காத்தலே எனச் சர்வதேச விமான உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்புக் கூறுகிறது. தண்டனைக்கு அஞ்சுபவன் உண்மையை மறைப்பான். மறைந்த உண்மை மறுபடியுங் கொல்லும். மூன்றாவது, சிபார்சு எழுதியதோடு அமையாது, நிறைவேறியதா என ஆண்டுதோறும் வினவுவாரும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் எஞ்சினியர்களாகவும், சிலர் உத்தியோகஸ்தர்களாகவும் ஆவீர்கள். பிரயாணிகளோ நாம் யாவரும். ஒரு நாள் உங்கள் மேஜைமேல் இத்தகைய சிபார்சு ஒன்று வரலாம். ‘இவ்வாண்டு பணமில்லை’ என்றெழுதி ஒதுக்குமுன், அர்மாவில் மகிழ்ச்சியோடு வண்டியேறிய பிள்ளைகளை ஒருகால் நினைப்பீராக. அவர்களைக் காத்திருக்கக்கூடிய விதி, அன்றே தாளில் எழுதப்பட்டிருந்தது.