உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையைச் சோதிக்கும் புற ஊதா ஒளி

● அக்கிக்கும் சின்னம்மைக்கும் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரையின் அட்டையில் ‘200 மி.கி.’ என்று போட்டிருக்கும். மாத்திரையைத் தராசில் வைத்தாலோ எடை அதைத் தாண்டும். மாவுச்சத்து, லாக்டோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்றவையும் அதில் சேர்ந்திருப்பதே காரணம். மருந்து மட்டும் எவ்வளவு என்று தராசு சொல்லாது. புற ஊதா ஒளி சொல்லும்.

● கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியை 1801-ல் கண்டறிந்தவர் ஜெர்மனியின் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர். நிறமாலையில் ஊதா நிறம் முடிந்து, வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வைத்த சில்வர் குளோரைடு மற்ற இடங்களைவிட வேகமாகக் கறுத்தது. அங்கேயும் ஒளி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

● அசைக்ளோவிர் 255 நானோமீட்டரில் புற ஊதாவை நன்றாக உறிஞ்சும். டி.என்.ஏ.வுக்கு அது 260-ஐ ஒட்டி. இந்த நெருக்கம் தற்செயல் அல்ல. டி.என்.ஏ.வில் உள்ள குவானின் வளையமே இந்த மருந்திலும் இருக்கிறது. அதைக் கண்டு ஏமாந்துதான் அக்கியையும் சின்னம்மையையும் தரும் ஹெர்பிஸ் வகை வைரஸ் மருந்தைத் தன் டி.என்.ஏ. சங்கிலியில் கோத்துக்கொள்கிறது, அதற்குமேல் சங்கிலி வளராது. இந்த மருந்து உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன், 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

● ஒற்றை மாத்திரையை வைத்து முடிவு சொல்வதில்லை. 20 மாத்திரைகளை எடைபோட்டு, ஒன்றாகப் பொடித்து, 100 மி.கி. மருந்து இருக்கவேண்டிய அளவு பொடியை எடுப்பார்கள். அசைக்ளோவிர் தண்ணீரில் லேசில் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். அதில் கரைத்து வடிகட்டும்போது முதலில் இறங்கும் சில மி.லி.யைக் கொட்டிவிடுவார்கள். வடிதாள் கொஞ்சம் மருந்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கு தப்பிவிடும் அல்லவா!

● பிறகு அமிலம் சேர்த்து நீர்க்கச் செய்த கரைசலை ஊற்றும் 1 செ.மீ. அகலக் குவளை குவார்ட்ஸால் ஆனது. சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியைத் தானே விழுங்கிவிடும். குவளையின் இரண்டு பக்கங்கள் தெளிவானவை, இரண்டு சொரசொரப்பானவை. பிடிக்க வேண்டியது சொரசொரப்பான பக்கத்தை. தெளிவான பக்கத்தில் விரல்ரேகை படிந்தால், அதுவும் மருந்துக் கணக்கில் ஏறிவிடும்.

● கணக்கு எளிது. மருந்து அதிகமானால் ஒளி உறிஞ்சலும் அதே விகிதத்தில் கூடும். இதுதான் பீர்–லாம்பெர்ட் விதி. லாம்பெர்ட் எழுதியது 1760-ல், பீர் எழுதியது 1852-ல். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் அசைக்ளோவிர் உள்ள அமிலக் கரைசல், 255 நானோமீட்டரில் ஏறத்தாழ 0.56 உறிஞ்சலைக் காட்டும். அதாவது, விழுந்த ஒளியில் சுமார் 28 சதவீதம்தான் மறுபக்கம் வரும். 0.50 என்று காட்டினால் மருந்து 89 சதவீதமே. பல மாத்திரைகளுக்கு, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் மருந்தியல் நூல்கள் 90 முதல் 110 சதவீதம் வரைதான் இடம் தருகின்றன. சிலவற்றுக்கு 95 முதல் 105 வரை.

● எச்.ஐ.வி.க்குத் தரும் ஒரு கூட்டு மாத்திரையில் லாமிவுடின் 150 மி.கி., ஜிடோவுடின் 300 மி.கி. இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சும். அதனால் இரண்டு அலைநீளங்களில் அளந்து, இரண்டு சமன்பாடுகள் எழுதித் தீர்ப்பார்கள். பள்ளியில் படித்த ஒருங்கமைச் சமன்பாடேதான்!

● எல்லா மருந்தும் இப்படி வசப்படாது. பன்றிக்காய்ச்சலுக்குத் தந்த ஓசெல்டாமிவிரில் பென்சீன் போன்ற வளையம் கிடையாது. 210 நானோமீட்டருக்குப் பக்கத்தில்தான் அது ஒளியை உறிஞ்சும். அங்கே பல கரைப்பான்களும் குறுக்கிடும்.

● இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு: எவ்வளவு என்று சொல்லும், எது என்று பிரித்துச் சொல்லாது. அசைக்ளோவிர் சிதைந்தால் வரும் குவானினும் கிட்டத்தட்ட அதே ஒளியைத்தான் உறிஞ்சும். கெட்டுப்போன மாத்திரையும் பாஸ் ஆகிவிடலாம். அதனால்தான் மருந்தியல் நூல்கள் எச்.பி.எல்.சி. முறைக்கு மாறிவருகின்றன. அது பொருள்களை முதலில் தனித்தனியாகப் பிரிக்கும். பிரிந்ததை அளக்க அங்கேயும் பெரும்பாலும் புற ஊதா ஒளிதான்!

● வாங்கிய மாத்திரைமேல் சந்தேகமா? இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, சாதாரண வாடிக்கையாளருக்கும் ஓர் உரிமை தருகிறது. குறிப்பிட்ட கட்டணம் கட்டி, வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். பில்லையும், பெயரும் தொகுதி எண்ணும் அச்சான அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.