நகுலன்: திருவனந்தபுரத்துத் தமிழ்க் கவி

நம் சங்க மலரில் பாரதியையும் பாரதிதாசனையும் பற்றி எழுதாத வருஷம் கிடையாது. இந்த முறை நகுலனைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "மகாபாரதக் கட்டுரையா சார்?" என்று கேட்டார் ஒரு செயற்குழு நண்பர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

டி.கே. துரைசாமி என்ற நகுலன் 1921-இல் கும்பகோணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே திருவனந்தபுரம் போனவர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். 2007-இல் காலமானார். நம்மைப் போலவே வெளிமாநிலத் தமிழர்: தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம், எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் தமிழ். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்தவர் என்பதால், யாப்பு தெரியாமல் புதுக்கவிதைக்கு வந்தவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் எழுதினார். 1968-இல் 'குருக்ஷேத்திரம்' தொகுப்பைக் கொண்டுவந்தார். சாகித்திய அகாதமி விருது கடைசிவரை அவருக்கு வரவில்லை.

'கோட் ஸ்டாண்ட் கவிதைகள்' என்று ஒரு தொகுதிக்குப் பெயர் வைத்தவர் அவர். முதலில் படித்தபோது எனக்கும் எரிச்சல்தான். உவமை இல்லை, சந்தம் இல்லை, நாலைந்து வரியில் முடிந்துவிடுகிறது. இதுல என்ன இருக்கு? ஒரு கவிதையில் வந்தவரிடம் ராமச்சந்திரனா என்று கேட்கிறார். அவரும் ஆமோதிக்கிறார். எந்த ராமச்சந்திரன் என்ற பேச்சே எழவில்லை, அவ்வளவுதான். மூடி வைத்துவிட்டேன். ஆனால் மறுவாரம் சங்கக் கூட்டத்தில், இருபது வருஷமாகக் கை குலுக்கி வரும் ஒருவரைப் பார்த்தபோது திக்கென்றது. அவர் பெயர் தெரியும். வேறென்ன தெரியும்? சொந்த ஊர்கூடக் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. பெயர் தெரிந்தால் ஆளைத் தெரியும் என்ற நம் நம்பிக்கையைத்தான் அந்தச் சில வரிகள் அசைக்கின்றன. சாதாரணப் பேச்சையே எடுத்து, நாம் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்திவிடுகிறார். மீதியை நாம்தான் யோசிக்க வேண்டும். (எல்லாக் கவிதையும் இப்படிப் பலிக்கவில்லை. சில வெறும் குறிப்பாகவே நின்றுவிடுகின்றன.)

எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் என் மகளிடம் அதைக் கொடுத்தேன். அகராதி தேவைப்படவில்லை. படித்து முடித்துவிட்டு, "அப்பா, அந்த அங்கிளுக்கு எந்த ஊர்?" என்றாள். அடுத்த கூட்டத்தில் கேட்டேன். கோவில்பட்டியாம்.