வீட்டுக்குள் வந்த மெஷின்கள் – 7: பெட்டியில் எழுதாத விலை

சென்ற வாரம் உடுப்புத் தோய்க்கும் மெஷினை எங்கள் சவர்த் தண்ணீர் என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்தோம். இந்த வாரம் வீடு கூட்டும் ரோபோ. மன்னார்த் தீவில் ஒரு வீட்டுக்கு அது வருவதானால், பெரும்பாலும் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளை அனுப்பும் பெட்டியில்தான் வரும். அம்மா இனிக் குனிந்து தும்புத்தடி பிடிக்கக் கூடாது என்ற பாசம் அது. அந்தப் பாசத்தை மதிப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் செலவு சுவரிலேயே தொடங்கிவிடும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சிறிய சாஜர்கள் பல இரண்டையும் தாங்கும். ஆனால் ரோபோவின் வயிற்றிலுள்ள குப்பையைத் தானே உறிஞ்சியெடுக்கும் பெரிய நிலையங்கள் வேறு. வட அமெரிக்கக் கடைகளில் விற்கும் அவற்றில் பல, 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நேரே சொருகினால் கருகிவிடும். ட்ரான்ஸ்போமர் தனியாக வாங்க வேண்டும். கரண்ட் பில்லுக்காக மட்டும் ரோபோவைக் குறை சொல்ல மாட்டேன். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய பிறகும், அது இழுக்கும் மின்சாரம் சொற்பம்தான்.

பெரிய செலவு காற்றில் வருகிறது. தீவின் தென்கரையில் 2020இல் தம்பபவனி மின் திட்டத்தின் 30 காற்றாலைகளை நிறுத்தியது அந்தக் காற்றை நம்பித்தான். சோளகம் வீசும் மாதங்களில் பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்துக் கரையோர வீடுகளில் காலையில் கூட்டிய விறாந்தையில் மத்தியானம் மறுபடி மணல் கிடக்கும். தூசியும் தலைமயிரும் அள்ளப் பிறந்த மெஷின் இது. நுண்மணல் பில்டரை அடைக்கும், சில்லுக்குள்ளும் பிரஷ்ஷின் முனைகளுக்குள்ளும் புகுந்து அரைக்கும். உப்புக்காற்று சார்ஜ் ஏறும் உலோகத் தகடுகளை அரிக்கும். சில வருடங்களில் பற்றரியும் தளர்ந்துவிடும். எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டியவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, இறக்குமதிப் பாகத்தை நம்பியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் அர்த்தம் விளங்கியது.

இதே உப்பிலும் மணலிலும்தான் படகு எஞ்சின் ஓடுகிறது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். பழுதானால் கழற்றிப் பார்க்கக் கரையிலேயே ஆள் உண்டு. ரோபோவில் அப்படி எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் பல மொடல்களின் மூளையில் ஒரு பகுதி வேறொரு நாட்டின் சேர்வரில் இருக்கிறது. இத்தகைய ரோபோக்களைச் செய்த நீற்றோ என்ற நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. ஐந்து வருடமாவது சேர்வரை இயக்குவோம் என்று தாய் நிறுவனமான ஃபோர்வேர்க் சொல்லியிருந்தது. 2025இலேயே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மிஞ்சியது, கையால் பொத்தானை அமத்தினால் ஓடும் ஒரு மெஷின். 2002இல் ரூம்பாவைக் கொண்டுவந்து இந்த மெஷினைப் பிரபலமாக்கிய ஐரோபோட், 2025 டிசம்பரில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்து, தனக்கு மெஷின் செய்துகொடுத்த சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. என்னை மிகவும் வருத்தியது மொக்ஸியின் கதை. 799 டொலருக்கு விற்ற, பிள்ளைகளோடு பேசும் ரோபோ அது. 2024 டிசம்பரில் நிறுவனம் மூடப்போவதாகச் சொன்னபோது, இனி உன் நண்பன் பேசமாட்டான் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை பெற்றோர் தலையில் விழுந்தது. கடைசி நேரத்தில், வீட்டுக் கணினியிலிருந்தே அதை இயக்கும் மென்பொருளை நிறுவனம் வெளியிட்டது. அதை ஏற்றி ஓட்டத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மொடல்களில் கமரா இருக்கிறது. 2020இல் சோதனைக்கு ஓடிய ரூம்பாக்கள் வீடுகளுக்குள் எடுத்த படங்களை, வெனிசுவேலாவில் படங்களுக்குக் குறிப்பெழுதும் கூலியாட்கள் பேஸ்புக் குழுக்களில் போட்டார்கள். கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதை வெளிக்கொண்டுவந்தது. படத்தில் சிக்கிய வீட்டுக்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்திட்ட சோதனையாளர்கள் என்று ஐரோபோட் பதில் சொன்னது. வீட்டில் யார் யார் என்று கேட்டவருக்கெல்லாம் விபரம் எழுதிக் கொடுத்துப் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். இந்த மெஷின் வரையும் எங்கள் அறைகளின் வரைபடம் எங்கே போகிறது என்று கேட்க எங்களுக்கு முழு உரிமை உண்டு.

ரவுண் பக்கம், டைல்ஸ் போட்டு யன்னல் சாத்திய வீட்டுக்கு இது உதவும். முதுகுவலியுள்ள அம்மாவுக்கு நிச்சயம் உதவும். மணல் முற்றத்தோடு கரையை ஒட்டிய வீட்டுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். வெளிநாட்டுப் பிள்ளைகளே, அனுப்பத்தான் வேண்டுமென்றால் கமரா இல்லாத, இணையம் இல்லாமலும் ஓடும் மொடலாகப் பாருங்கள். நிலையத்தின் அடியில் அச்சிட்ட வோல்ட்டை வாசியுங்கள். பில்டரும் பிரஷ்ஷும் மேலதிகமாகச் சேர்த்து வையுங்கள். முதலில், அம்மாவுக்கு அது வேண்டுமா என்று அம்மாவிடமே கேளுங்கள்.