தரவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

10 கோடி வரிசைகள், வரிசைக்கு 10 எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் மொத்தம் 8 ஜிபி. ஆர் மொழியில் புள்ளியியல் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய அந்த மென்பொருள், பொதுவாகத் தரவு முழுவதையும் ரேமில் ஏற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். சாதாரண லேப்டாப் திணறிப்போகும்.

தரவை ஏன் இடம் மாற்ற வேண்டும்? வேண்டியது இன்னதென்று சொன்னால் போதும், தேடி எடுப்பது இயந்திரத்தின் பாடு என்பதுதானே 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படை? டிபிபிளையர் என்ற ஆர் தொகுப்பு இதைப் பிடித்துக்கொள்கிறது. நாம் ஆரில் எழுதுவதைத் தரவுத்தளங்களின் மொழியான எஸ்க்யூஎல்லில் கட்டளையாக்கி வைத்திருந்து, விடை தேவைப்படும்போது மட்டும் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது.

வெயில் ஏறினால் மின்சாரச் செலவு எவ்வளவு கூடும் என்று பார்க்க ஒரு நேர்கோடு பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை ஐந்தே எண்கள்: வரிசைகளின் எண்ணிக்கை, வெப்பநிலைகளின் கூட்டுத்தொகை, யூனிட்டுகளின் கூட்டுத்தொகை, வெப்பநிலை வர்க்கங்களின் கூட்டுத்தொகை, ஒவ்வொரு வரிசையிலும் வெப்பநிலையையும் யூனிட்டையும் பெருக்கிக் கூட்டியது. 10 கோடி வரிசைகளும் சர்வரிலேயே கிடக்க, இந்த ஐந்து மட்டும் வந்தால் கோட்டின் சாய்வு கிடைத்துவிடும். எனக்கு இது இன்றும் கண்கட்டு வித்தைதான். இடைநிலை அளவு மட்டும் இப்படி மசியாது. வரிசைப்படுத்திப் பார்க்காமல் நடுவில் நிற்பது எதுவென்று எந்தக் கூட்டுத்தொகையும் சொல்லாது.

ஆருக்கும் எஸ்க்யூஎல்லுக்கும் குணமும் வேறு. ஒரே ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் ஆர் சராசரி சொல்ல மறுக்கும். நாமாக விலக்கச் சொல்ல வேண்டும். எஸ்க்யூஎல் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டுக் கொடுத்துவிடும். எனக்கு ஆரின் பிடிவாதமே பிடித்திருக்கிறது.

தரவுத்தளத்திலிருந்து ஆருக்குக் கொண்டுவரும் அடையாள எண்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆரின் முழு எண் 2147483647உடன் முடிந்துவிடும். அதைத் தாண்டியவற்றைத் தசம எண்ணாக்கிக் கொண்டுவந்தால், 9007199254740992க்கு மேல் அடுத்தடுத்த எண்களைப் பிரித்தறிய முடியாது. 18 இலக்க எண்கள் கொண்ட இரண்டு வாடிக்கையாளர்கள், எந்தப் பிழைச் செய்தியும் வராமலே, ஒருவராகிவிடலாம். அத்தகைய எண்களை எழுத்துச் சரமாகவே இறக்கிக்கொள்வது நல்லது. அவற்றைக் கூட்டிப் பார்க்கப்போகிறவர் யாருமில்லை.