ராத்திரி ஒரு மணிக்கு ஓவியம் வராது!

"டாக்டர், வலது கையில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் ராத்திரியானா மரத்துப் போகுது. எழுந்து கையை உதறினாத்தான் சரியாகுது."

இப்படிச் சொன்ன இளைஞருக்கு வயது 29. கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம், புத்தக அட்டை என்று வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுக்கிறவர். மாதச் சம்பளம் கிடையாது. ஆர்டர் வந்தால்தான் பணம். மணிக்கட்டை அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது என்பது புரிந்தது. மருந்து எழுதும்போது மெதுவாகச் சொன்னார்:

"படிச்சது ஓவியக் கல்லூரி டாக்டர். எனக்குன்னு ஒரு படம் வரைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. வேலை முடிஞ்சதும் பேப்பரை எடுத்து வைப்பேன், கை வராது. உள்ளே இருந்த ஓவியன் செத்துட்டான் போல..."

"எத்தனை மணிக்குத் தம்பி எடுத்து வைப்பீங்க?"

"பன்னிரண்டரை, ஒரு மணி இருக்கும்."

ஓவியன் சாகவில்லை. களைத்துப் போயிருக்கிறான், அவ்வளவுதான்! பார்ட்டிக்கு உழைப்பதும் அதே கண், அதே மணிக்கட்டு, அதே கழுத்து. நாள் முழுக்கப் பிழிந்துவிட்டு, மிச்சமிருக்கும் சக்கையிடம் போய் "இப்போ எனக்காக வரை" என்றால் அது என்ன செய்யும்?

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று உண்டு. உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள் இவை. அடக்கக் கூடாது. பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, சிறுநீர், மலம் எல்லாம் இதில் அடக்கம். அவசர ஆர்டர் வந்த நாளில் இதில் எத்தனையை அடக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "இந்த ஃபைலை மட்டும் அனுப்பிட்டுப் போறேன்" என்று சிறுநீரை அடக்குவது, பசிக்கு டீ, தூக்கத்துக்கு இன்னொரு டீ! போதாக்குறைக்கு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். கண் காய்ந்து எரியும்.

வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்பது புதுசு அல்ல. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் ஓவியர்கள் சாப்பிட்டார்கள். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைத் தொடர்களுக்குப் படம் போட்டார், புத்தக அட்டைகளுக்கு எழுத்து வடிவமைத்தார். காந்தி கோட்டோவியங்களும் அரூப ஓவியங்களும் அதே கையிலிருந்துதான் வந்தன. ஆனால் ஒன்று. மெழுகு, சாயம், துணி என்று பாத்திக்கில் உடம்பு வேறு மாதிரி அசையும். இன்றைக்கோ பிழைப்பும் ஓவியமும் ஒரே நாற்காலியில், ஒரே திரைக்கு முன்னால்!

ஆகவே நேரத்தையும் இடத்தையும் மாற்றச் சொல்கிறேன். காலையில் போனைத் தொடுவதற்கு முன் 45 நிமிடம் உங்கள் படத்துக்கு. பேப்பரைச் சுவரில் ஒட்டி, நின்றபடி, தோளிலிருந்து கை அசைய பிரஷ்ஷில் வரையுங்கள். மணிக்கட்டுக்கு இதுவே ஓய்வு. பார்ட்டி வேலை அதற்குப் பிறகு.

எல்லா மாதமும் இது நடக்காது, தெரியும். கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கு ஆடியும் மார்கழியும் கொஞ்சம் ஓய்வு. காலண்டர் வேலை செய்கிறவர்களுக்கு ஆடி ஓய்வல்ல. ஆடிப்பெருக்கன்றுதான் சிவகாசியில் புது ஆல்பம் வெளியாகும். அவர்கள் மூச்சு விடுவது பொங்கலுக்கு அப்புறம். நெருக்கடி மாதத்தில் 10 நிமிடம் கோடு இழுத்தாலும் போதும், கை மறக்காது.

இன்னொன்று... வைத்தியர் சொல்லும் விஷயம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மூன்று திருத்தத்துக்கு மேல் காசு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். "பார்ட்டி போயிடுவாங்களே டாக்டர்" என்பார்கள். சிலர் போவார்கள்தான். ராத்திரித் தூக்கத்தைத் தின்பது பெரும்பாலும் அந்த ஏழாவது, எட்டாவது கரெக்‌ஷன்தானே!

இனி மருந்து. உளுந்துத் தைலத்தை லேசாகச் சூடாக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை படுக்கும் முன் இதமாகத் தடவுங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும்படி பட்டை கட்டித் தூங்குங்கள். வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். கண்ணுக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை நல்லது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியே தூரத்தில் பாருங்கள். விரல் மரத்தால் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக் கொள்வது அவசியம். கையிலிருந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரல் அடிச்சதை வற்றினாலோ தைலத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே நரம்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

காலையில் வரைந்த படத்தைக் கொஞ்ச நாளைக்குப் பார்ட்டிகளிடம் காட்டாதீர்கள். "நல்லா இருக்கே, அட்டைக்கு இதையே போட்டுடலாம். அந்த நீலத்தை மட்டும் சிவப்பாக்கிடுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள்!