எலெக்ட்ரான் அமைப்பிலிருந்து அணு எண்ணை அறிதல்

அணு எண் வெறும் வரிசை எண் அன்று. அது உட்கருவின் மின்னூட்டத்தைக் குறிப்பது என்பதை 1913-ஆம் ஆண்டில் மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வினால் காட்டினார். அம்மின்னூட்டம் புரோட்டான்களால் ஆயது. மின்னூட்டமற்ற அணுவில் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமம். ஆதலின், கூடுகளிலுள்ள எலெக்ட்ரான்களைக் கூட்டினால் அணு எண் கிடைக்கும். இரும்பணுவின் அமைப்பு 2, 8, 14, 2, கூட்டுத்தொகை 26. இதுவே இரும்பின் அணு எண்.

அயனிகளுக்கு இக்கூட்டல் மட்டும் போதாது. அன்னபேதியிலுள்ள இரும்பு அயனியின் அமைப்பு 2, 8, 14, கூட்டுத்தொகை 24. இது குரோமியத்தின் அணு எண். ஆயினும் அயனி இரும்பே. இழந்த இரண்டு எலெக்ட்ரான்களைச் சேர்த்தால் 26 மீளக் கிடைக்கும். எதிர்மின் அயனியாயின், ஏற்ற எலெக்ட்ரான்களைக் கழித்தல் வேண்டும். ஆகவே, கூட்டுமுன் மின்னூட்டத்தை நோக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்களிடம் வளர்த்தல் நன்று.