சீமைக் கருவேலைத் தூரோடு அகற்ற ஏற்ற இயந்திரம் எது?

தாமிரபரணியின் கால்வாய்ப் பாசனம் எட்டும் நிலங்களில் நெல்லும் வாழையும் செழிக்கின்றன. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களின் நிலை வேறு. மானூர், நாங்குநேரி, இராதாபுரம் வட்டாரங்களில் நான்கு ஆண்டுகள் உழவு நின்றுபோன மானாவாரிப் புஞ்சைகள் பலவற்றைச் சீமைக் கருவேல் மூடிவிட்டது. வேலிக்காத்தான் என்றும் அழைக்கப்படும் இம்மரத்தை அகற்றி மீண்டும் சாகுபடி செய்ய விரும்பும் சிறு விவசாயிக்கு முதல் செலவே இயந்திர வாடகைதான். மண்ணுக்கும் மரத்துக்கும் பொருந்தாத இயந்திரத்தை அமர்த்தினால் பணமும் போகும், மேல்மண்ணும் போகும். இரண்டு மழைக்குள் மரம் மட்டும் முன்னிலும் அடர்த்தியாகத் திரும்பி வந்துவிடும்.

மரத்தின் இயல்பு

சீமைக் கருவேலின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை. விறகுக்காகவும் வறண்ட நிலங்களில் பசுமை ஏற்படுத்தவும் 1870-களின் பிற்பகுதியில் இது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் இதன் பரவலே பெரும் தொல்லையாயிற்று. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டித் தென் மாவட்டங்களில் இம்மரத்தை அகற்றும் பணி பெரிய அளவில் நடைபெற்றது. 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தரையோடு வெட்டி மட்டும் விடப்பட்ட மரங்கள் எங்கும் மீண்டும் தழைத்துவிடுகின்றன. காரணம் மரத்தின் அமைப்பிலேயே உள்ளது.

இதன் ஆணிவேர் மிக ஆழமாகச் செல்லும். ஆயினும் அந்த வேர் முழுவதும் துளிர்ப்பதில்லை. தண்டும் வேரும் கூடும் அடிப்பாகத்தில், தரைமட்டத்திலிருந்து சுமார் ஓர் அடி ஆழம் வரையில்தான் துளிர்க்கும் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. மேலே வெட்டினால் அம்மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் கிளம்பும். அந்த அடிப்பாகத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டால் கீழே நிற்கும் வேர் மக்கிவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதே இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரங்களை ஒழிக்க, தரைக்குக் கீழே 30 முதல் 35 செ.மீ. ஆழத்தில் வேரை அறுத்துச் செல்லும் கனமான கலப்பையைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

ஆகவே ஆணிவேரைத் தேடி ஆளுயரக் குழி தோண்ட வேண்டியதில்லை. தூரை ஒன்றரை அடி ஆழம் வரை முழுமையாகப் பெயர்க்க வேண்டும். மேல்மண் வயலிலேயே தங்க வேண்டும். இவ்விரண்டையும் குறைந்த மணி நேரத்தில் செய்து முடிக்கும் இயந்திரமே நல்ல இயந்திரம்.

எந்த இயந்திரம் எதற்கு?

டயர் வண்டி: ஜே.சி.பி. என்று பொதுவாக அழைக்கப்படும் இதன் பின்பக்கத் தோண்டும் கை, தூரைச் சுற்றிப் பறித்து மேலே தூக்க ஏற்றது. சாலையில் தானே ஓடி வந்துவிடும் என்பதால் லாரிச் செலவு இல்லை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்துக்கும், மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நிலத்துக்கும் இது போதும். ஆனால் ஒவ்வொரு தூருக்கும் வண்டியை நிறுத்திக் கால் ஊன்றி வேலை செய்ய வேண்டியிருப்பதால் அடர்ந்த புதரில் நேரம் வீணாகும். முள் குத்தி டயர் பழுதாவதும் உண்டு. ஈரமான நிலத்தில் டயர் புதையும். புதையாவிட்டாலும் மண்ணை இறுக்கிவிடும்.

செயின் வண்டி: ஹிட்டாச்சி என்று பலரும் சொல்லும் இரும்புத் தட இயந்திரம் இது. நின்ற இடத்திலிருந்தே சுற்றிச் சுழன்று பல தூர்களைப் பிடுங்கும். முள்ளுக்கு அஞ்சாது. எடை நீண்ட தடத்தில் பரவுவதால், மண்ணின் மீது விழும் அழுத்தம் டயர் வண்டியைவிட மிகக் குறைவு. அடர்ந்த காட்டுக்கும் பருத்த தூருக்கும் இதுவே ஏற்றது. இதைத் தார்ச்சாலையில் ஓட்ட முடியாது; தாழ்தள லாரியில் ஏற்றி வர வேண்டும். பாதை குறுகலாக உள்ள நிலங்களுக்கு 7 டன் அளவிலான சிறிய செயின் வண்டியைக் கேட்டுப் பெறலாம்.

புல்டோசர்: பெரிய பரப்பில் மரத்தைத் தள்ளிச் சாய்ப்பதில் வேகமானது. மேடு பள்ளங்களையும் சமப்படுத்தும். ஆனால் அதன் தட்டைக் கத்தி மரத்தோடு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். அரை அடி மேல்மண்ணே வளமாக உள்ள செம்மண் புஞ்சைக்கு இது பெரிய இழப்பு. சிறிய மரங்களின் தண்டு ஒடிந்து தூர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு.

சிறிய ரப்பர் தட வண்டி: பாப்கேட் போன்ற சிறிய வண்டியில் டயருக்குப் பதிலாக ரப்பர் தடம் பூட்டிய அமைப்பு இது. மேலை நாடுகளில் புதர் அகற்ற நிறையப் பயன்படுகிறது. மண்ணை அதிகம் இறுக்காது. பனை, தென்னை வரிசைகளுக்கு இடையிலும் நுழையும். கைப்பருமன் வரையுள்ள இளம் செடிகளைப் பிடுங்கவும், பிடுங்கியவற்றைச் சேர்க்கவும் உகந்தது. ஆனால் இதற்குத் தோண்டும் கை கிடையாது. முன்பக்கம் தள்ளவும் தூக்கவும் மட்டுமே முடியும். தொடைப்பருமன் தூருக்குப் பலமுறை முட்டி மோத வேண்டியிருக்கும். நின்ற இடத்தில் திரும்பும்போது மேல்மண்ணைக் கிளறும். கூரிய வெட்டுக்கட்டைகள் ரப்பர் தடத்தைக் கிழிக்கும். ஆண்டு முழுவதும் வாடகை வேலை உறுதியாகக் கிடைத்தாலன்றி, சொந்தத் தேவைக்கு மட்டும் கடன் பட்டு இதை வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

அரவை இயந்திரம்: நிற்கும் மரத்தை அப்படியே பொடியாக்கிச் செல்லும் இயந்திரங்கள் பார்வைக்கு நிலத்தைச் சுத்தமாக்கிவிடும். தூர் உள்ளேயே இருப்பதால் சீமைக் கருவேலுக்கு இது தரையோடு வெட்டுவதற்குச் சமம்.

மண்ணும் பருவமும்

கோடையில் இறுகிய மண்ணில் தூரை இழுத்தால் அது அடியில் ஒடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் சேறாக இருக்கும்போது எந்த வண்டியும் மண்ணைக் கெடுக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் தை, மாசி மாதங்களே ஏற்ற காலம். ஓர் அடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை விரலில் ஒட்டாமல், தட்டினால் உதிர்ந்தால் அதுவே பதம்.

கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில் சிறிது ஈரம் மிஞ்சினாலும் டயர் வண்டியை இறக்கக் கூடாது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் தூர் எளிதில் வரும். ஆனால் மரம் முழுவதையும் ஒரே மூச்சில் அகற்றினால் காற்று மணலை வாரிக்கொண்டு போகும். அங்கே பட்டை பட்டையாக அகற்றி, திறந்த இடத்தில் பயிரையோ வேறு மரக்கன்றுகளையோ உடனே வைத்துக்கொண்டு போக வேண்டும்.

வாடகையைக் கணக்கிடும் முறை

மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு தூருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முதலில் 5 சென்ட் பரப்பில் உள்ள தூர்களை எண்ணி 20-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை என்பது தெரியும். பின்னர் வண்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒடியாமல் வெளியே வந்த தூர்களை மட்டும் எண்ண வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். ஏக்கருக்கு 240 தூர்கள் உள்ளன. டயர் வண்டி மணிக்கு 20 தூர் எடுத்தால் 12 மணி நேரமும், செயின் வண்டி 48 தூர் எடுத்தால் 5 மணி நேரமும் ஆகும். டயர் வண்டியின் ஒரு மணி வாடகையை ஒரு பங்கு எனவும், செயின் வண்டிக்கு இரண்டு பங்கு எனவும், லாரியில் வந்து திரும்ப ஆறு பங்கு எனவும் கொள்வோம். ஓர் ஏக்கருக்கு டயர் வண்டிச் செலவு 12 பங்கு. செயின் வண்டிச் செலவு 16 பங்கு. மூன்று ஏக்கரில் இரண்டும் 36 பங்காகச் சமமாகிவிடும். பத்து ஏக்கரில் டயர் வண்டிக்கு 120 பங்கும் செயின் வண்டிக்கு 106 பங்கும் ஆகும். ஆகவே, அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் அமர்த்தினால் செயின் வண்டி ஒவ்வொருவருக்கும் மலிவாகும். தனியாக ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு டயர் வண்டியே லாபம். அவரவர் ஊர் வாடகையை இக்கணக்கில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி வருமுன்

விறகு, கரி வியாபாரிகள் மரத்தை விலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் தரையோடு வெட்டிச் சென்றால் இயந்திரம் பிடிக்க இடமிராது. தூர் எடுக்கும் நேரம் கூடும். மரத்தை மூன்றடி உயரம் விட்டு வெட்ட வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிட வேண்டும். மரத்தை முழுதாக இயந்திரத்தால் சாய்த்தபின் வெட்டிக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது. மரத்தின் எடையே தூரைப் பெயர்க்க உதவும். தூர்க்கட்டையும் கரிக்கு விலை போகும் என்பதால் அதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

வேம்பு, வாகை, நாட்டுக் கருவேல், குடைபோல் விரியும் நம் உடைமரம் ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பு வளையம் போட்டு வைக்க வேண்டும். ஓட்டுநருக்கு எல்லா முள்மரமும் ஒன்றாகவே தோன்றும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அறிவிக்கப்பட்டதை மறக்கக் கூடாது. கிணற்று ஓரம், மண்ணுக்குள் பதித்த குழாய், மின்கம்பி, எல்லைக்கல் ஆகியவற்றையும் அடையாளம் செய்ய வேண்டும். குளம், ஓடை, ஆற்றுப் புறம்போக்கில் நிற்கும் மரங்களை அனுமதியின்றித் தொடலாகாது.

வேலை நடக்கும்போது தட்டையான பக்கெட்டைவிடப் பல் வைத்த பக்கெட்டே நல்லது. பிடுங்கிய தூரை அங்கேயே இரண்டு முறை உதறினால் மண் குழியிலேயே விழும். நிலத்துக்காரர் உடனிருந்து, ஒடிந்த தூர்களுக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, வண்டி திரும்புமுன் அவற்றையும் எடுக்கச் செய்ய வேண்டும். இயந்திரக் கை எட்டும் தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

பிடுங்கிய பிறகு

குழிகளை மூடி, கோடை மழையில் உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக உழுது வேர்த்துண்டுகளைப் பொறுக்க வேண்டும். மண்ணில் புதைந்த சீமைக் கருவேல் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். முதல் மழையிலேயே நாற்றுகள் முளைக்கும். விரல் நீள நாற்றைக் கையால் பிடுங்கிவிடலாம். ஓராண்டு விட்டால் மண்வெட்டி வேண்டும். மூன்றாண்டு விட்டால் மீண்டும் வண்டிதான். ஆகவே நிலத்தைச் சும்மா போடாமல் கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு என ஏதாவதொரு பயிரை அந்தப் பருவத்திலேயே விதைக்க வேண்டும். பயிரின் நிழலும் களையெடுப்பும் நாற்றுகளை ஒழிக்கும்.

ஆட்டுக்கிடை போடுவதிலும் கவனம் தேவை. சீமைக் கருவேல் நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் விதை சாகாமல் வந்து முளைக்கும். சுத்தம் செய்த நிலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் கிடைக்குப் பதில் நன்கு மக்கிய எருவை இடுவதே பாதுகாப்பு.

வேளாண்மைப் பொறியியல் துறை இவ்வகை இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்கு அளித்து வருகிறது. தை மாதத்தில் தேவை கூடும் என்பதால் முன்கூட்டியே உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகி, அன்றைய வாடகையையும் இயந்திர இருப்பையும் கேட்டறிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். உழவன் செயலி மூலமும் பதிவு செய்யலாம். வண்டிக்கு ஒதுக்கும் பணத்தோடு விதைக்கும் முதல் களையெடுப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிய பிறகே வண்டியை அழைக்க வேண்டும். அந்தத் தொகை மூன்று ஏக்கருக்குப் போதாதென்றால் ஓர் ஏக்கரை மட்டும் இவ்வாண்டு திருத்திப் பயிர் ஏற்றுவதே சிறந்தது.